வரவுப் பக்கங்கள்

புத்தகத்தை எரித்துவிடும்படி மகன் சொல்லியனுப்பியிருந்தான்.

செய்தியோடு வந்தவன் பேச்சியம்மாவின் தம்பி சுடலைமுத்து. துணுக்காயிலிருந்து விடியவே சைக்கிளில் புறப்பட்டு, வெயில் ஏறும் நேரம் ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தான். அக்கா தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தித் தானும் இரண்டு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினான்.

"என்னாக்கா, செடிக்குப் பத்துக் காய்கூட இல்ல."

"பன்னி தின்ன மிச்சம். இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த?"

"பரமேசு அனுப்புனான். அந்தப் பெரிய புத்தகத்த எரிச்சிடணுமாம். இன்னைக்கே."

"ஏனாம்?"

"கேட்டேன். 'காரணம் வேண்டாம் மாமா, எரிச்சுப்போட்டாச் சரி'ங்கிறான். ஒம் மகன் கதைக்கிற கதையில பாதி எனக்கு வெளங்குறதில்ல."

பேச்சியம்மா சிரித்தாள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு லொறியில் வந்த குடும்பம் அவர்களுடையது. இந்த மண்ணுக்கு வந்து எட்டு வருடத்தில் பிள்ளைகளின் நாக்கு மாறிவிட்டது. மகன் 'ஓம்' என்பான், அவள் 'ஆமா' என்பாள். ஒரே வீட்டில் இரண்டு ஊர் என்று புருசன் பொன்னையா பகிடி பண்ணுவான். காடு வெட்டி இந்த ஒன்றரை ஏக்கரைத் துப்புரவாக்கியவன் அவன். மூன்றாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டான்.

சுடலைமுத்து குரக்கன் ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று, தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தான்.

"மறந்துடாதக்கா. ஒரு தாள்கூட இருக்கக் கூடாதாம்."

"சரி சரி. அவன் சாப்புடுறானா?"

"எங் கச்சானுல பாதியத் தின்னுட்டான்."

பரமேஸ்வரன் அந்தப் புத்தகத்தைத் தைப்பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்தான். சிவப்புத் துணி அட்டை போட்ட தடித்த புத்தகம். பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் கூட்டக் குறிப்புகள் எழுபத்தெட்டாம் ஆண்டிலிருந்து அதில் இருந்தன. இந்த வருடத்துச் செயலாளர் அவன். விடுதியில் ஆமிக்காரர் தேடுதல் நடத்திய பிறகு, ஒன்றியத்தின் சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் போனார்கள். நோட்டீஸ் அடிக்கும் றோனியோ மெசினைத் தலைவர் தில்லைநாதன் கண்டாவளைக்குக் கொண்டுபோனான். முத்திரை பொருளாளர் நாகேஸ்வரியிடம். புத்தகம் இவனிடம்.

முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த தாய்க்கும் தங்கைக்கும் அவன் அதை வாசித்துக் காட்டினான்.

"'முதலாவது கூட்டம். வந்தோர் பதினான்கு பேர். மூன்று தண்ணீர்க் குழாய்களில் இரண்டு வேலை செய்யாமை பற்றித் துணைவேந்தருக்கு எழுதுவதெனத் தீர்மானிக்கப்பட்டது.'"

"தண்ணி வந்துச்சா?" என்றாள் பேச்சியம்மா.

"பொறுங்கோ அம்மா. அது நாலாவது கூட்டத்தில வருது."

"தண்ணியா?"

"இல்லை. ரெண்டாவது கடிதம்."

தங்கை இலட்சுமி வாயிலிருந்த கச்சானைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

ஏழு வருடக் கதை அப்படித்தான் போயிற்று. சிற்றுண்டிச்சாலைச் சம்பலில் தேங்காய்ப்பூவைக் காணவில்லை என்று ஒரு தீர்மானம். பெண்பிள்ளைகள் தலைவர் பதவிக்குப் போட்டியிடலாமா என்று வாக்கெடுத்து இரண்டு வாக்கால் தோற்றது. மறு வருடம் ஒரு வாக்கால் வென்றது, ஆனால் ஒருத்தியும் நிற்கவில்லை. எரிந்த நூலகத்துக்கு வீடு வீடாகப் போய்ப் புத்தகம் சேர்த்தது. எண்பத்து மூன்றில், தெற்கிலிருந்து வந்த அகதிகளுக்காக விடுதி முழுவதும் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டை விட்டு, அந்த அரிசியை அனுப்பியது.

"எங்க ஆளுங்களுக்கா?"

"ஓம் அம்மா. வவுனியாவுக்கும் இங்கயும் வந்த சனத்துக்கு."

"அதத் திருப்பி வாசி."

அவன் திருப்பி வாசித்தான். ஒவ்வொரு கூட்டக் குறிப்புக்கும் கீழே அந்தந்த வருடச் செயலாளரின் பெயரும் கையெழுத்தும் இருந்தன. எண்பத்து நாலு ஆவணியிலிருந்து 'பொ. பரமேஸ்வரன்'. தாய்க்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

இலட்சுமி புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தாள். அங்கே நாலு பக்கங்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. மகன் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட பக்கங்கள்.

"இது என்னண்ணா?"

"வரவுப் பக்கம். கூட்டத்துக்கு வாற குழு ஆக்கள் பேரும் ஊரும் எழுதிக் கையெழுத்து வைக்கிறது. ஒவ்வொரு வருசமும் புதுசாத் தைக்கிறது."

"பதினொரு பேர் இருக்கினம். உங்கட பேர் இல்லையே?"

"செயலாளர் வரவில போடுறேல்லை. அவர்ர பேர் குறிப்புக்குக் கீழதான்."

பொங்கலுக்கு மூன்றாம் நாள் கண்டாவளையிலிருந்து தில்லைநாதன் ஆள் அனுப்பினான். குழுவில் யாரார் இருக்கிறார்கள் என்று ஆமி விசாரிக்கிறது, புத்தகத்தை வைத்திருக்க வேண்டாம் என்று. வீட்டில் ஒருவருக்கும் காரணம் சொல்லாமல் பரமேஸ்வரன் புத்தகத்தை அடுப்படிக்குக் கொண்டுபோனான். வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு அப்படியே திரும்பி வந்தான்.

"ஏலாது அம்மா. ஏழு வருசமும் ஒண்டும் நடக்கேல்லை எண்ட மாதிரிப் போயிடும்."

கச்சான் மூட்டைக்குக் கீழே அதை வைத்துவிட்டு மாமனின் தோட்டத்துக்குப் போனான். ஒரு மாதம் கழித்துத்தான் இந்தச் செய்தி வந்தது. தன்னால் முடியாததைத் தாயிடம் சொல்லியனுப்பியிருந்தான்.

இலட்சுமி பள்ளிக்கூடத்தால் வந்ததும் பேச்சியம்மா புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள்.

"முன்னால இருக்கிறது பேச்சு. பின்னால இருக்கிறது பேரு. அப்புடித்தான?"

"ஓம்."

"பேரு இருக்கிற தாளக் கிழிச்சு எடு. மத்தத எரிப்போம்."

"எல்லாத்தையும் எரிக்கச் சொன்னவராம் அம்மா. மாமா அப்பிடித்தானே சொன்னவர்."

"ஒங்க மாமன் சொல்றதுல பாதி அவனுக்கே வெளங்காது. எழுதி வச்ச பேச்சுத்தான் புள்ள வம்பு. பேரு யாருக்கு என்னா செய்யும்?"

"அம்மா..."

"ஒங்கப்பா பேரு எப்புடிப் போச்சு? சொல்லு பாப்போம்."

இலட்சுமிக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் பொன்னையா சங்கத் தலைவராக இருந்தான். கொழுந்து நிறுவையில் நடக்கும் களவைப் பற்றி ஒரு கூட்டத்தில் கால் மணி நேரம் பேசினான். மறுநாள் விடிய, ஆள் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. ஆள் பதிவு செய்யும் செக்றோலில் அதை வெட்டிவிட்டார்கள். மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் போய் நின்றான். மற்றவர்களின் பெயரையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். பெயர் இல்லாதவனுக்கு வேலை இல்லை, அரிசி இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பறாவும் இல்லை.

"பேச்சால பேரு போச்சு. அந்தப் புள்ளைங்களுக்கும் அப்புடி ஆகணுமா? அப்பனும் ஆத்தாளும் வச்ச பேரு. அத நெருப்புல போடச் சொல்றவனா எம் மகன்?"

தகப்பனின் கதை வந்தால் அதற்கு மேல் தாயோடு பேச முடியாது. இலட்சுமி நாலு பக்கங்களையும் கவனமாகக் கிழித்தெடுத்தாள்.

"வாசி."

"என்னத்துக்கம்மா?"

"வாசி புள்ள."

அவள் வாசித்தாள். ஊரும் பேரும், வரிசைப்படி. பேச்சியம்மா கண்ணை மூடிக் கேட்டாள். பிரட்டுக்களத்தில் இருபது வருடம் நின்ற காது. மூன்றாம் தரம் வாசித்தபோது மகளுக்கு முன்னாலேயே அவள் சொல்லிக்கொண்டு போனாள்.

பிறகு புத்தகத்தை அடுப்பில் வைத்தாள். துணி அட்டை முதலில் பிடிக்கவில்லை. தாள்கள் பிடித்தன. தண்ணீர்க் குழாயும் சம்பலும் அகதி அரிசியும் எரிந்தன. ஏழு வருடமும் எரிந்து முடிய, ஒரு கேத்தில் தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை.

நாலு பக்கங்களையும் மடித்து பிஸ்கற் தகரத்துக்குள் வைத்தாள். பொன்னையாவின் மரணப் பதிவும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவும், பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட துண்டும் அதற்குள்தான் இருந்தன. வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

ஆமியின் சுற்றிவளைப்பு பன்னிரண்டாம் நாள் நடந்தது. காலையில் எல்லோரையும் பள்ளிக்கூட வளவுக்குப் போகச் சொன்னார்கள். பேச்சியம்மா மண் கையோடு போய் நின்றாள். வெயில் சாய வீட்டுக்கு விட்டார்கள். கச்சான் மூட்டைகள் கொட்டிக் கிடந்தன. பிஸ்கற் தகரம் முற்றத்தில் வெறுமையாகக் கிடந்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கடதாசி என்று ஒன்று இல்லை. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கொண்டுபோயிருந்தார்கள்.

அவள் பொன்னையாவின் மரணப் பதிவுக்காக அழுதாள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்காக அழுதாள். அதன் பிறகுதான் மற்றத் தாள்கள் நினைவுக்கு வந்தன.

"இலச்சுமி, அந்தப் பேருங்க."

மகள் கொட்டிக் கிடந்த கச்சானை அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பள்ளிக்கூட வளவிலேயே நினைவுக்கு வந்திருந்தது.

முதலில் தில்லைநாதனைப் பிடித்தார்கள், கண்டாவளையில், நெல் அருவி வெட்டிக்கொண்டு நின்ற வயலில் வைத்து. மறுநாள் பரந்தனில் சிவராசாவை. பிறகு தண்ணீரூற்றில் இஸ்ஸதீனை. ஒரு கிழமைக்குள் ஐந்து பேர்.

நாகேஸ்வரி ஒரு மத்தியானம் வந்தாள். நெடுங்கேணிப் பிள்ளை. போன வருடம் ஒன்றிய வேலையாக வந்தபோது, இந்தக் குசினியில் இருந்து மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தின்றுவிட்டுப் போனவள். இப்போது தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். நாலு நாளாக ஒரே வீட்டில் இரண்டு இரவு தங்கவில்லை என்றாள்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. அந்தப் புத்தகம் எங்க?"

"எரிச்சிட்டேன் தாயி."

"முழுக்கவோ?"

பேச்சியம்மா அடுப்பைப் பார்த்தாள். இலட்சுமிதான் சொன்னாள்.

"வரவுப் பக்கத்தை மட்டும் எடுத்து வச்சவா அக்கா. ஆமி கொண்டுபோட்டுது. ஆற்ர வீட்டில எடுத்ததெண்டு அவங்களுக்கும் தெரியாது. எல்லாம் ஒரே சாக்கு."

நாகேஸ்வரி சுவரில் சாய்ந்தாள். முகத்தைத் துடைத்தாள்.

"கூட்டக் குறிப்பெல்லாம்?"

"அதத்தான் எரிச்சேன்."

"அதை வச்சிருந்தாலும் பறவாயில்லையே அம்மா. அதில என்ன கிடந்தது? குழாயும் சாப்பாடும். அதைக் காட்டியாவது, இதுகள் பெடியங்கள் கூட்டம் போட்டுக் கதைச்சது எண்டு சொல்லியிருக்கலாம். இப்ப வெறும் பேரும் ஊரும். ஆர் பாத்தாலும் இயக்கத்தின்ர பட்டியல் எண்டுதான் நினைப்பினம்."

பேச்சியம்மா அடுப்பங்கரையில் குந்தினாள். நாகேஸ்வரி தொடர்ந்தாள்.

"இன்னொண்டும் இருக்கு. சிவராசான்ர தகப்பன் ஆமிக் காம்புக்குப் போனவர். மேசையில தாளைக் கண்டவர். பரமேஸ் கோடு போட்ட தாள் எண்டு பாத்த உடன ஆருக்கும் தெரியும். பதினொரு பேரும் இருக்கு. பரமேஸின்ர பேர் மட்டும் இல்லை."

"அண்ணன் குறிப்புக்குக் கீழதான் போடுறவர்" என்றாள் இலட்சுமி.

"எனக்குத் தெரியும். வெளியில ஆருக்குத் தெரியும்? தன்ர பேரை விட்டுப்போட்டு மற்றவங்களைக் காட்டிக் குடுத்திட்டான் எண்டு கதை. பெடியள் விசாரிக்கினம் அம்மா. ஆமியில்லை. எங்கட இயக்கப் பெடியள்."

அந்த வருடம் அப்படியான கதைக்கு என்ன முடிவு என்பது பேச்சியம்மாவுக்கும் தெரியும். கிளிநொச்சிச் சந்தையில் கச்சான் விற்கப் போனபோது, மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்த ஒருவனைப் பார்த்திருக்கிறாள். கழுத்தில் மட்டை தொங்கியது. அதில் எழுதியிருந்ததை அவளால் வாசிக்க முடியவில்லை.

"நான் போய்ச் சொல்றேன். எரிச்சதும் நானு, வச்சதும் நானுன்னு."

"ஆர் நம்புவினம்? தாய் வேற என்ன சொல்லுவா எண்டு கேப்பினம்."

"நீ நம்புறியா தாயி?"

நாகேஸ்வரி குடித்த செம்பைக் கீழே வைத்தாள்.

"நான் நம்புறன். நான் உங்களைக் கண்டனான்."

போகும்போது படலையில் நின்று திரும்பினாள்.

"அவர் எங்க நிக்கிறாரெண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. பிடிபட்டா அடி தாங்க மாட்டன்."

துணுக்காய்த் தோட்டம் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் பேச்சியம்மாவுக்கு ஆறுதல். மகன் அங்கேயே இருக்கட்டும். பிடிபட்டவர்களின் தாய்மார் நம்பினால் மற்றவர்கள் நம்புவார்கள். முதல் பெயர் தில்லைநாதன். மறுநாள் முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய், அங்கிருந்து பரந்தன், பரந்தனிலிருந்து நடை.

கண்டாவளை வயல்கள் வெட்டு முடிந்து வெறும் அடித்தாளாகக் கிடந்தன. மற்றவர்கள் சூடடித்து நெல்லை ஏற்றிவிட்டார்கள். தில்லைநாதனின் தாய் அன்னபாக்கியத்தின் வயலில் மட்டும் கதிர்க் கட்டுகள் அடிக்காமல் சூடு வைத்தபடி இருந்தன. மேல் கதிர்களில் பறவைகள் இறங்கியிருந்தன. விரட்ட ஆளில்லை.

அன்னபாக்கியம் வாசலில் குந்தியிருந்தாள். தலை வாரவில்லை.

"ஆரது?"

"ஸ்கந்தபுரத்துல இருந்து வர்றேங்க. பரமேஸ்வரனோட அம்மா."

அன்னபாக்கியம் எழுந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

பேச்சியம்மா முற்றத்து மண்ணில் நின்றபடியே சொன்னாள். புத்தகம் வந்தது, மகன் எரிக்கச் சொன்னது, அவள் எரித்தது, எரிக்காமல் வைத்தது, ஆமி சாக்கில் அள்ளிப்போனது. அன்னபாக்கியம் தூணைப் பிடித்தபடி கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"நீங்கள் பெத்த தாய். வேற என்ன சொல்லுவியள்? என்ர பிள்ளை இஞ்ச சாப்பிட்ட கோப்பை இன்னும் கழுவாமல் கிடக்கு."

"நாம் பொய் சொல்லலம்மா."

"எழுத வாசிக்கத் தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"பிறகு என்னெண்டு உங்களுக்குப் பேர்ப் பக்கம் தெரிஞ்சது?"

பேச்சியம்மா கையைக் கட்டிக்கொண்டாள். பிரட்டுக்களத்தில் நிற்பதுபோல் நின்று சொன்னாள்.

"கண்டாவளை தில்லைநாதன். நெடுங்கேணி நாகேஸ்வரி. பரந்தன் சிவராசா. தண்ணீரூத்து இஸ்ஸதீன். உருத்திரபுரம் குலவீரசிங்கம். கொடிகாமம் மகேந்திரம். ஒட்டுசுட்டான் தவமலர். பூநகரி யேசுரட்ணம். முழங்காவில் கேதாரநாதன். புளியங்குளம் வைகுந்தன். செட்டிகுளம் சறோஜினி."

நிறுத்தாமல் சொன்னாள். அன்னபாக்கியம் மெல்லக் கீழே குந்தினாள்.

"அவன்ர பேரைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"கண்டாவளை தில்லைநாதன்."

"முதலாவதாவோ இருந்தது?"

"ஆமாம்மா. மொதப் பேரு."

"ஏன் இதையெல்லாம் பாடமாக்கினனீங்கள்?"

"தாளு தொலைஞ்சாலும் பேரு தொலையக் கூடாதுன்னு. எங்க வீட்டுக்காரரு பேர ஒரு நாளு வெட்டிட்டாங்க. அதுக்குப் பொறவு அவரு ஆளாவே இல்ல. பேர எரிச்சா அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்னு நெனச்சேன்."

அன்னபாக்கியம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூட்டுப் பக்கம் பறவைகள் எழும்பி மறுபடி இறங்கின.

"அவங்கள் முந்தநாள் இஞ்ச வந்தவங்கள்" என்றாள்.

"யாரும்மா?"

"பெடியள். ஆரிலையும் சந்தேகம் இருக்கோ எண்டு கேட்டவங்கள். நான் உங்கட மகன்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

பேச்சியம்மா தலையாட்டினாள். அது அவள் எதிர்பார்த்ததுதான்.

"அது மட்டுமில்லை." அன்னபாக்கியத்தின் குரல் இறங்கியது. "போன வருசம் என்ர பிள்ளை துணுக்காய்க்குப் போய், ஒரு உரப்பை நிறையக் கச்சான் கொண்டந்தவன். பரமேஸின்ர மாமன்ர தோட்டம் எண்டவன். காட்டுக்கரை, குளத்துக்குக் கிழக்கால எண்டவன். அதையும் சொல்லிப்போட்டன்."

பேச்சியம்மா மண்ணில் உட்கார்ந்தாள். இருவரும் எதிரெதிராக இருந்தார்கள். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சேவல் நடந்து போனது.

அன்னபாக்கியம்தான் முதலில் எழுந்தாள். உள்ளே போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைப் பேச்சியம்மாவிடம் நீட்டினாள்.

"குடிச்சிட்டு எழும்புங்கோ. சொன்ன வாயாலதான் திருப்பிச் சொல்லவேணும். நான் சொன்னா நம்புவாங்கள்."

சந்திக் கடையில் விசாரித்தார்கள். பெடியள் விடியவே உழவு மெசினில் போய்விட்டார்களாம். எந்தப் பக்கம் என்று அன்னபாக்கியம் கேட்டாள். கடைக்காரர் துணுக்காய் இருக்கும் தெற்குப் பக்கமாகக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

பஸ் வரவில்லை. பரந்தன் வரைக்கும் நடப்பது என்று நடந்தார்கள். தார் இளகிக் காலில் ஒட்டியது. அன்னபாக்கியம் வேகமாக நடந்தாள். பேச்சியம்மா இரண்டடி பின்னால் வந்தாள்.

"வாயை மூடிக்கொண்டு வராதேங்கோ" என்றாள் அன்னபாக்கியம், திரும்பாமல். "எனக்குத் தலை விறைக்குது. அந்தப் பேருகளைச் சொல்லிக்கொண்டு வாங்கோ."

பேச்சியம்மா சொன்னாள். கண்டாவளையிலிருந்து தொடங்கி, செட்டிகுளத்தில் முடித்தாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிருச்சும்மா."

அன்னபாக்கியம் நின்று, அவள் பக்கத்தில் வரும்வரை பார்த்திருந்தாள்.

"உங்கட பிள்ளைன்ர பேரையும் சொல்லுங்கோ."

பேச்சியம்மா அவளோடு சேர்ந்து நாலைந்து அடி நடந்தாள். பிறகு சொன்னாள்.

"ஸ்கந்தபுரம் பரமேஸ்வரன்."